இன்னும் சக்கரம் வைக்காத வீடு

பல் டாக்டர் எதற்கும் நெடுநேரம் யோசித்தவர் அல்ல. வாயைத் திறக்கச் சொல்வார், விளக்கை இழுத்துப் பார்ப்பார், "இதை எடுத்துடலாம்" என்பார். எதை என்று நோயாளி கேட்பதற்குள் அது தட்டில் கிடக்கும். கல்யாணத்துக்கும் அப்படித்தான் சட்டென்று சரி சொன்னார். அதற்காக அவர் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. மனைவி வருத்தப்பட்டிருந்தால் அதை அவரிடம் சொன்னதில்லை. அப்பேர்ப்பட்ட மனிதரைத்தான் தேர்வு மாளிகை பிடித்து உட்கார வைத்தது.

மனைவிக்கு முதுகெலும்பில் கோளாறு. சற்று நேரம் உட்கார்ந்தால் மீதிப் பொழுதுக்குப் படுக்கை. ரயில், பஸ், விமானம் எதுவும் கூடவே கூடாது என்று எலும்பு டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். அவளுடைய ஒரே அக்காவோ நாட்டின் மறுகோடியில், ஒரு கடற்கரை ஊரில் தனியாக இருந்தாள். அந்த அக்காவுக்குக் கண் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது. இனி மருந்தும் இல்லை, கத்தியும் இல்லை என்று எல்லோரும் கையை விரித்துவிட்டார்கள். "முழுசா இருட்டுறதுக்குள்ள உன் மூஞ்சிய ஒரு தடவை பாத்துடணும்டி" என்று அக்கா ஃபோனில் சொன்ன அன்றே டாக்டர் முடிவெடுத்தார். கிளினிக்கை விற்றார். குடியிருந்த வீட்டையும் விற்றார். கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளேயே இருக்கிற சொகுசு கேரவன் ஒன்றை வாங்குவது, மனைவி படுத்தபடியே போய் அக்கா வீட்டு வாசலில் இறங்குவது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

தேர்வு மாளிகை ஊருக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்தது. சுவரெல்லாம் கண்ணாடி. உள்ளே பெரிய கூடத்தில் கேரவன்கள் பளபளவென்று நின்றன. நின்றன என்று சொல்வதுகூடப் பொய். ஒன்றுக்கும் கீழே சக்கரம் இல்லை. இரும்புத் தூண்களின் மேல் வீடுகளாக உட்கார்ந்திருந்தன. சக்கரம், இன்ஜின், இரண்டையும் தாங்குகிற இரும்புச் சட்டம், இவை சேர்ந்ததுதான் சேசிஸ். மேலே இருக்கிற வீட்டை மாளிகை கட்டித் தரும். கீழே எந்த சேசிஸ் வேண்டும் என்பதை வாடிக்கையாளர்தான் முறைப்படி ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். இது நல்லது, அது ஆகாது என்று மாளிகை ஊழியர் யாரும் வாய் தவறிக்கூடச் சொல்லக் கூடாது. இதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் வாடிக்கையாளர் சுதந்திரம்.

சாம்பல் கோட்டு போட்ட ஓர் இளம்பெண் அவர்களை வரவேற்றாள். ஒப்பீட்டு ஆலோசகர் என்று எழுதிய அட்டை கோட்டில் குத்தியிருந்தது. இன்ஜின் முன்னால் இருப்பது ஒரு வகை, பின்னால் இருப்பது ஒரு வகை என்று அவள் ஆரம்பித்ததுமே டாக்டர் கையை உயர்த்தினார்.

"பின்னாலயே இருக்கட்டும்மா. முன்னால இருந்தா ஓட்டுறவன் காதுல இரைச்சல்."

ஆலோசகரின் முகம், கூடத்தின் நடுவில் யாரோ காறித் துப்பியதைப் போலச் சுருங்கியது. "சார், நீங்க இன்னும் ஒப்பிடல."

"இப்பத்தானே ஒப்பிட்டேன்?"

"அம்மாவோட படுக்கை பின்னாலதானே சார் இருக்கு?"

பிறர் வாயைத் திறக்கச் சொல்லியே பழகிய டாக்டர் முதன்முறையாகத் தன் வாயைத் திறந்தபடி நின்றார். இன்ஜின் பின்னால் என்றால் மனைவியின் முதுகுக்கு நேர் கீழே. முன்னால் என்றால் தன் காதுக்குப் பக்கத்தில், அந்த இரைச்சல் அவள் வரைக்கும் போகும். அவருக்குள் ஏதோ ஒன்று லேசாக ஆடியது. ஆடுகிற பல்லை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். அது தன்னிடமே ஆடும் என்று நினைத்ததில்லை.

அவசரமாகப் பதில் சொல்லும் நோய் அவருக்கு இருப்பதாகக் கண்டறியப்பட்டு அடிப்படை வகுப்பில் சேர்க்கப்பட்டார். ஒப்பீடு முடிகிற வரைக்கும் நடுவில் இருந்த கேரவனிலேயே தங்கிக்கொள்ளலாம் என்றாள் ஆலோசகர். வீட்டைத்தான் விற்றாகிவிட்டதே, உள்ளே இருந்து பழகினால் உங்களுக்கும் நல்லதுதானே? பாதியில் போய்விட்டால் என்ன ஆகும் என்று மனைவி கேட்டாள். தாராளமாகப் போகலாம், கதவு எப்போதும் திறந்தே இருக்கும், கேரவனுக்கென்று முன்னாலேயே கட்டின பணம் மட்டும் மாளிகையோடு தங்கிவிடும் என்று ஆலோசகர் இனிமையாகச் சொன்னாள்.

ஆக, குடியேறினார்கள். வசதிக்கு ஒரு குறையும் இல்லை. அடுப்பு எரிந்தது, வெந்நீர் வந்தது, சமையலறை ஜன்னலுக்கு வெளியே மலைக்காட்சி ஒட்டிய தட்டி ஒன்று நின்றது. பகல் முழுக்கப் புது வாடிக்கையாளர்கள் செருப்போடு உள்ளே ஏறி வந்து அலமாரிகளைத் திறந்து பார்த்தார்கள். ஒருநாள் ஒரு கணவனும் மனைவியும் படுக்கையறைக்குள் வந்து, டாக்டர் மனைவி படுத்திருக்கும்போதே அவள் இடுப்புக்குப் பக்கத்தில் மெத்தையை அமுக்கிப் பார்த்தார்கள். நல்லா எழும்புது என்றான் கணவன். அவள் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டாள்.

பக்கத்து கேரவனில் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் குடியிருந்தார். எப்போது வந்தார் என்பது அவருக்கே மறந்துவிட்டது. வாழ்நாள் முழுக்க வாய்தா கொடுத்தே பழகியவருக்கு மாளிகை சொந்த வீடு மாதிரிப் பொருந்திவிட்டது. எந்த சேசிஸ் என்று முடிவு செய்துவிட்டீர்களா என்று டாக்டர் விசாரித்தார். இரு தரப்பையும் கேட்டாகிவிட்டது, தீர்ப்பு ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது என்று நீதிபதி பல் துலக்கிக்கொண்டே பதில் சொன்னார்.

வகுப்பு முடிந்ததும் ஒலி அறை. டாக்டரின் கண்ணைக் கட்டி உட்கார வைத்து, முன்னால் ஒரு இன்ஜின் சத்தமும் பின்னால் ஒரு இன்ஜின் சத்தமும் மாறி மாறிப் போட்டார்கள். எது பிடித்திருக்கிறது என்று கேட்டார்கள். இரண்டும் நின்றபோதுதான் பிடித்திருந்தது என்றார். அது செல்லாத பதில் என்று மறுபடி போட்டார்கள்.

அடுத்து வந்தது அதிர்வு அறை. இதில் டாக்டரைவிட அவர் மனைவிக்குத்தான் மரியாதை அதிகம். இப்படி ஒரு முதுகு கிடைப்பது அபூர்வம், இதைவிட நுட்பமான கருவி எங்களிடமே கிடையாது என்று ஊழியர்கள் அவளைச் சூழ்ந்துகொண்டு பூரித்தார்கள். கட்டிலோடு தூக்கி ஒரு மேடையில் வைத்து, பட்டை பட்டையாக அடுக்கிய வில் தாங்குகிற சேசிஸ் குண்டு குழியில் எப்படிக் குலுங்குமோ அப்படிக் குலுக்கினார்கள். பிறகு காற்றுப் பை தாங்குகிற சேசிஸ் எப்படிக் குலுங்குமோ அப்படி. ஒவ்வொரு முறையும் அவள் என்ன சொல்கிறாள் என்று ஆலோசகர் காதைக் கொடுத்துக் கேட்டாள்.

"அம்மா, முதல்ல ஐயோன்னீங்க. இப்ப அம்மான்னீங்க. இதுல எது கம்மி வலி?"

"ரெண்டும் ஒன்னுதாம்மா. என்னைக் கீழ இறக்கி விடுங்க."

"வித்தியாசமே தெரியலைன்னா ஒப்பீடு சரியா நடக்கலைன்னு அர்த்தம். இன்னொரு தடவை பாத்துடலாம்."

டாக்டர் பக்கத்தில்தான் நின்றார். நிறுத்துங்கள் என்று சொல்ல நாக்கின் நுனி வரைக்கும் வந்தது. ஆனால் இவ்வளவு தூரம் வந்துவிட்டு விடை தெரியாமல் போவதா என்ற ஆசையும் கூடவே வந்து முன்னால் நின்றுகொண்டது. அவர் மனைவியின் கையை மட்டும் பிடித்துக்கொண்டார். அன்று பிடித்த படுக்கையிலிருந்து அவள் எழுந்திருக்கப் பல நாள் ஆயிற்று.

பாரம் பார்க்கும் சடங்கு வேறு தனியாக நடந்தது. எந்த சேசிஸ் எவ்வளவு தாங்கும் என்று ஒப்பிட வேண்டுமென்றால் எவ்வளவு ஏறும் என்று தெரிய வேண்டுமே. பாத்திரம், துணி, தலையணை எல்லாம் தராசில் ஏறின. அதோடு விட்டார்களா? வருங்காலத்தில் டாக்டர் எவ்வளவு பெருப்பார் என்று மதிப்பிட அவருடைய அப்பாவின் போட்டோவைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள். வண்டியில் பாரம் எந்தப் பக்கம் சாயும் என்பதும் முக்கியமாம். "சண்டை வந்தா அம்மா எந்தப் பக்கம் போய் உக்காருவாங்க?" என்று ஆலோசகர் கேட்டாள். எங்களுக்குள் சண்டையே வராது என்றார் டாக்டர். மனைவி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எழுதிக்கோம்மா, இடது பக்கம்" என்றாள்.

இதற்கிடையில் அக்காவிடமிருந்து ஃபோன் வந்துகொண்டே இருந்தது. முதலில் எங்கே வந்துவிட்டீர்கள் என்று கேட்டாள். கிளம்பப் போகிறோம் என்றாள் தங்கை. அடுத்த முறை பஸ்ஸின் பெயர்ப்பலகை படிக்க முடியவில்லை என்றாள். அதற்கடுத்த முறை, கடலும் வானமும் ஒன்றாகிவிட்டது, நடுவில் இருந்த கோட்டைக் காணோம் என்று சிரித்தாள். தங்கை ஃபோனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். டாக்டர் அன்றே நேராக ஆலோசகரிடம் போனார். இழுத்துப் பிடித்து எல்லாவற்றையும் கழித்துக் கட்டினார். கடைசியில் இரண்டே இரண்டு சேசிஸ் மிஞ்சின. நாளைக்கு முடிவு சொல்கிறேன் என்று வந்து படுத்தார்.

மறுநாள் காலையில் புது மாடல் வந்துவிட்டது. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற ஒன்று. எல்லாவற்றையும் அதோடு சேர்த்து ஒப்பிட வேண்டும் என்றாள் ஆலோசகர். டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆனால் அது நடுவில் என்றால் எப்படி நடுவில் என்று அவர் கேட்டது மனைவியின் காதில் விழுந்தது. அந்தக் கேள்வியில் கோபம் இல்லை, ஆவல் இருந்தது. அவளுக்கு அதுதான் பயமாக இருந்தது.

மாளிகையின் ஆண்டு விழா வந்தது. வாடிக்கையாளர்கள் எல்லோரையும் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். டாக்டர் மனைவியைக் கட்டிலோடு ஓரமாகப் போட்டார்கள். இயக்குநர் மேடையேறினார். நல்ல குரல், அதற்கேற்ற தொப்பை.

"இந்த மாளிகை திறந்த நாள் முதல் இன்றுவரை ஒரு வாடிக்கையாளர்கூட இங்கிருந்து தவறான சேசிஸை வாங்கிச் சென்றதில்லை என்பதை நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன். சரியான சேசிஸை வாங்கிச் சென்றவர் உண்டா என்று வெளியே சிலர் கேட்கிறார்கள். அது குறுகிய பார்வை. வாங்கிச் செல்கிறவன் ஒருநாள் வருந்துவான். ஒப்பிட்டுக்கொண்டே இருப்பவனுக்கு வருத்தம் ஏது? சாலையில் ஆயிரம் பேர் வண்டியில் போகிறார்கள். எதன் மேல் உட்கார்ந்து போகிறோம் என்று அவர்களில் ஒருவனுக்காவது தெரியுமா? நம் நீதிபதி ஐயாவுக்குத் தெரியும். அவர் எங்கும் போவதில்லை, ஆனால் அவருக்குத் தெரியும்."

கூடம் அதிரக் கை தட்டினார்கள். நீதிபதி எழுந்து கும்பிட்டார்.

அப்போதுதான் டாக்டரின் கண்ணில் வாசல் பட்டது. இத்தனை காலம் அதன் வழியாகத்தான் வெளியே போய்க் காற்று வாங்கிவிட்டு வந்திருக்கிறார். இரண்டு ஆள் சேர்ந்தால் தோள் இடிக்கிற கண்ணாடிக் கதவு. கட்டடத்தைச் சுற்றி வேறு வாசல் கிடையாது. விழா முடிந்ததும் இயக்குநரிடம் போய், இந்த வழியாக கேரவன் எப்படி வெளியே போகும் என்று கேட்டார். அதைக் கேட்டுக்கொண்டிருந்த மனைவிக்கு ஒரு நிமிஷம் பழைய கணவன் திரும்பி வந்துவிட்டது போல இருந்தது.

"நல்ல கேள்வி டாக்டர். வாசலைப் பெருசாக்குறதா, இல்ல சுவரையே எடுத்துடறதான்னு ஒரு குழு போட்டு ஒப்பிட்டுக்கிட்டு இருக்கோம்" என்றார் இயக்குநர்.

டாக்டர் மோவாயைத் தடவினார். "சுவரை எடுத்தா அதுல என்ன அனுகூலம்?" என்றார்.

மனைவி கண்ணை மூடிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு டாக்டரை ஆலோசகர் தேடி வர வேண்டியிருக்கவில்லை. அவரே தேடிப் போனார். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் எவ்வளவு நீளம் இருக்கலாம் என்பது அப்போதைய ஆராய்ச்சி. நீளம் கூடினால் படுக்கைக்குச் சுகம், ஆனால் சின்னத் தெருவில் திரும்பாது. அக்கா வீட்டுத் தெரு எப்படி? அடுத்த முறை அக்கா கூப்பிட்டபோது டாக்டர் ஃபோனை மனைவி கையிலிருந்து வாங்கி, தெருமுனை எவ்வளவு அகலம் என்று அளந்து சொல்ல முடியுமா என்று கேட்டார். அக்கா சரி என்றாள். கண் தெரியாதவள் ஒரு கயிற்றை எடுத்துக்கொண்டு போய் நடுத்தெருவில் குனிந்து நின்றிருக்கிறாள். ஸ்கூட்டர் ஒன்று உரசிக்கொண்டு போய், முழங்காலில் காயம். அப்படியும் அளவை விடவில்லை. கயிற்றில் முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறேன், வந்து பார்த்துக்கொள்ளச் சொல் என்று தங்கையிடம் சொன்னாள்.

"முடிச்சு எத்தனை அடின்னு கேட்டியா?" என்றார் டாக்டர்.

அன்றிலிருந்து பல நாள் மனைவி அவரோடு பேசவில்லை. இடது பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள். பாரம் சாய்வதை ஆலோசகர் வந்து குறித்துக்கொண்டு போனாள்.

ஒரு மத்தியானம் அக்காவே வந்து இறங்கினாள். ஒரு கையில் துணிப்பை, மறு கையில் பஸ் கண்டக்டரின் கை. அவர் அவளைக் கண்ணாடிக் கதவு வரைக்கும் கொண்டுவந்து விட்டுவிட்டு, பஸ் டிப்போவுக்குப் போய்விட்டுத் திரும்ப இதே வழியாகத்தான் உங்கள் ஊருக்குப் போகும், கையைக் காட்டினால் நிறுத்துகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். ஒப்பிட வந்திருக்கிறீர்களா என்று ஆலோசகர் கேட்டாள். தங்கச்சியைப் பார்க்க வந்திருக்கிறேன் என்றாள் அக்கா. அப்படி ஒரு வகை மாளிகையில் இல்லை. கடைசியில் பார்வையாளர் என்று எழுதிய அட்டையை அவள் கழுத்தில் மாட்டி உள்ளே அனுப்பினாள் ஆலோசகர்.

மனைவி இடுப்பைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்தாள். அக்கா அவள் முகத்தை இரண்டு கையாலும் ஏந்தி, கண்ணாடிச் சுவர்ப் பக்கம் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். கிட்டே கொண்டுவந்தாள், தள்ளி வைத்தாள், தன் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள்.

"காது தெரியுது. கம்மல் தெரியுது. முடி நரைச்சிருக்கு, அது தெரியுது. நடுவுல மூஞ்சி இருக்கிற இடந்தான் இல்லடி." கையை எடுக்காமலே, "முன்னாடியே கிளம்பி வந்திருக்கணும், என் தப்பு" என்றாள்.

தங்கை வாய்விட்டு அழுதாள். கூடத்தில் இருந்தவர்கள் நாகரிகமாக வேறு பக்கம் பார்த்தார்கள்.

டாக்டர் வேகமாக வந்தார். அக்காவைப் பார்த்ததில் அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம். காயம் ஆறிவிட்டதா என்று கேட்கத்தான் வாயெடுத்தார். வந்தது வேறு.

"அக்கா, நீங்க வந்த பஸ்ல இன்ஜின் முன்னாலயா, பின்னாலயா?"

நீதிபதி தன் ஜன்னலைத் திறந்து தலையை நீட்டினார். ஆலோசகர் ஒரு எட்டு முன்னால் வந்தாள்.

"தெரியலையே தம்பி" என்றாள் அக்கா. "பஸ் வந்துச்சு, ஏறினேன்."

"சத்தம் எந்தப் பக்கமிருந்து வந்துச்சுன்னாவது..."

"பக்கத்துல ஒரு பொம்பளை வழி பூரா மருமகளைத் திட்டிக்கிட்டே வந்தா. அந்தச் சத்தந்தான் கேட்டுச்சு."

மனைவி முகத்தைத் துடைத்துக்கொண்டு கேரவனுக்குள் போனாள். ஒரு பையில் நாலு புடவையும் மாத்திரைகளும் போட்டுக்கொண்டு, தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கினாள். டாக்டர் பதறிப்போனார். பஸ்ஸில் எப்படிப் போவாய், முதுகு என்ன ஆகும், எலும்பு டாக்டர் சொன்னது மறந்துவிட்டதா என்றார்.

"இங்கயுந்தாங்க வலிக்குது. அக்கா பக்கத்துல வலிச்சிட்டுப் போகட்டும். பின் சீட்டுல படுத்துக்கறேன்." அவள் அவர் கையைப் பிடித்தாள். பல நாளுக்குப் பிறகு பேசுகிறாள். "நீங்களும் வாங்க. இதெல்லாம் போனாப் போகுது. கிளம்பி வாங்க."

டாக்டர் அவளைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். பிறகு மேஜைமேல் பரப்பி வைத்திருந்த சேசிஸ் படங்களைப் பார்த்தார்.

"இன்னும் ரெண்டே ரெண்டுதான் பாக்கி. நீங்க போய்க்கிட்டே இருங்க. நான் வண்டியோடவே வந்துடறேன்" என்றார்.

அவள் கையை விட்டுவிட்டாள். திட்டவில்லை, திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். நிமிர்ந்து நடக்க முடியாத ஒருத்தியும் வழி தெரியாத ஒருத்தியும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு சாலையோரத்துக்குப் போய் நின்றார்கள். பஸ் வந்தது. மனைவி கையைக் காட்டினாள், நின்றது. கண்டக்டர் இறங்கி இரண்டு பேரையும் ஏற்றிவிட்டார். டாக்டர் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது ஓடினால்கூடப் பிடித்துவிடலாம் என்று தோன்றியது. அவர் ஓடவில்லை. பஸ் வளைவில் திரும்பி மறைந்தது.

ஆலோசகர் சத்தமில்லாமல் பக்கத்தில் வந்து நின்றாள். அவருடைய துக்கத்துக்கு மரியாதை கொடுத்துக் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டாள். பிறகு மெல்ல ஆரம்பித்தாள்.

"சார், முன்னால இன்ஜின் இருந்தா அம்மாவுக்கு இரைச்சல்னு தள்ளி வச்சோம். பின்னால இருந்தா அம்மா முதுகுக்குக் கீழன்னு தள்ளி வச்சோம். இனிமே அந்தத் தொந்தரவு இல்ல."

டாக்டர் திரும்பிப் பார்த்தார். அவள் சொன்னது உண்மைதான். அதை இவ்வளவு நாள் அவர் யோசித்துப் பார்க்கவே இல்லை. மனசு லேசாவது போல இருந்தது.

"அப்ப எல்லாத்தையும் மறுபடி பாக்கலாம்ங்கறீங்க?"

"முதல்லேருந்தே பாக்கலாம் சார்."

டாக்டர் நாற்காலியை மேஜைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.